செங்கற்பட்டு ஏரிகளில் ஒரு துப்பாக்கிக் கதை

மலர்க் குழுவிலிருந்து நம் ஜூனியர் தம்பி ஒருவர் போன் செய்து, "அண்ணே, ஏதாவது வரலாறு எழுதுங்க. கொஞ்சம் டெக்னிக்கலாவும் இருக்கணும், ஆனா போர் அடிக்கக் கூடாது" என்றார். நான் எழுத நினைத்திருந்ததே போரைப் பற்றித்தான்! சண்டை போடுகிற போர் இல்லை. துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைச் சொல்கிற போர். மெக்கானிக்கல் படித்து, தினமும் ஒரகடத்தில் சிலிண்டர் போர் அளந்து பிழைப்பு நடத்துகிறவனுக்கு இந்தத் தலைப்பு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

செங்கற்பட்டிலிருந்து ரயிலில் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு கொளவாய் ஏரி நினைவிருக்கும். பரனூர் வருவதற்கு முன் வண்டி தண்ணீரை ஒட்டியே போகும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் நடுத்தண்ணீரில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் மிதக்கும். யாராவது ஒரு ஹாஸ்டல்வாசி, "மாப்ளே, அத்தனையும் தாராடா, ஒரு துப்பாக்கி இருந்தா மெஸ் சாப்பாட்டிலிருந்து விடுதலை" என்று சொல்லாமல் இருந்ததில்லை. அந்தத் துப்பாக்கி இந்த ஏரிகளில் உண்மையிலேயே இருந்தது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதுதான் கதை.

முதலில் தாரா. வயலில் மேய்த்துக்கொண்டு போகிற வளர்ப்பு வாத்தை நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்து ஏரிகளில் வருஷம் முழுக்க இருப்பது புள்ளிமூக்கு வாத்து. சீழ்க்கைச் சிறகியும் குள்ளத் தாராவும் நம்ம ஊர்க்காரர்கள்தான். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகியவை வடகிழக்குப் பருவமழைக்கு ஏரி நிறைந்த பிறகு வரும் விருந்தாளிகள். இமயமலைக்கு அப்பால், மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறந்து வந்து, வெயில் ஏறும் முன் திரும்பிவிடும். பகலில் நடு ஏரியில் தூங்கும், இரவில் வயலுக்கு இரை தேடப் போகும். கரையிலிருந்து கல்லெறி தூரத்துக்குள் வருவதே இல்லை. அதனால்தான் தாராவைப் பிடிக்க மனிதன் இத்தனை தந்திரம் செய்திருக்கிறான். துப்பாக்கிக்கு முன்னால் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்த ஒரு முறை கேட்கவே சுவாரசியம். வெறும் மண்பானைகளைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். பறவைகள் நாலு நாளில் பானைக்குப் பழகிவிடும். பிறகு ஒருவன் அதே மாதிரி ஒரு பானையைக் கண்ணுக்கு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் மெதுவாகப் போய், தாராவின் காலைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவான். பக்கத்துத் தாராவுக்குக்கூடத் தெரியாது!

இனி போர். பன்னிரண்டு போர், இருபது போர், இருபத்தெட்டு போர் என்கிறார்களே, எண் கூடக் கூடக் குழல் சிறியதாகும். ஏன் இந்தத் தலைகீழ் கணக்கு? ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சமமான 12 உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அது 12 போர். ஈயத்தின் அடர்த்தி 11.34 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விட்டம் 18.5 மில்லிமீட்டர் வரும். 20 உருண்டை என்றால் 15.6; 28 என்றால் 14. தற்போது படிக்கிற தம்பி தங்கைகள் கால்குலேட்டரில் சரிபார்த்துக்கொள்ளலாம், விடை மாறாது. இந்த வரிசைக்கு ஒத்துவராத ஓர் ஆள் நாலு-பத்து எனப்படும் .410. இது நேராக அங்குலத்தில் குழல் விட்டம், அதாவது 10.4 மி.மீ. உருண்டைக் கணக்கில் சொன்னால் சுமார் 68 போர் ஆகும்.

சின்ன போர் துப்பாக்கி என்றால் குண்டு பக்கத்திலேயே விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்தத் துப்பாக்கியில் போட்டாலும் ஒரே அளவு ரவை ஏறக்குறைய ஒரே வேகத்தில், விநாடிக்கு 400 மீட்டர் சுமாரில்தான் கிளம்பும். வித்தியாசம் எண்ணிக்கையில். வாத்து வேட்டைக்கு இங்கிலாந்துக்காரர்கள் விரும்பிய ஆறாம் நம்பர் ரவை 2.6 மி.மீ. விட்டம், ஓர் அவுன்சுக்கு 270 ரவைகள் பிடிக்கும். 12 போர் தோட்டாவில் முப்பது கிராம் ஈயம் என்றால் ரவைகள் 280 சொச்சம். 28 போரில் இருபது கிராம் வைத்தாலும் 190. நாலு-பத்தில் பதின்மூன்று கிராம் என்றால் 120 சொச்சம்தான். துப்பாக்கியைச் சோதிக்க 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் ஒன்று வரைந்து சுடுவார்கள். குழலின் நுனியை ஒரு மில்லிமீட்டர் போலக் குறுக்கி வைத்தால் (இதற்குச் சோக் என்று பெயர்) நூற்றுக்கு எழுபது ரவை வட்டத்துக்குள் விழும். குறுக்காத குழலில் நாற்பதுதான். இப்போது அந்த வட்டத்துக்குள் ஒரு நீலச்சிறகியை வைத்துப் பாருங்கள். கையகலப் பறவை. 12 போரில் அதன்மேல் ஐந்தாறு ரவை படுகிற தூரத்தில், நாலு-பத்தில் ஒன்றோ இரண்டோ படும். ஒரு ரவை பட்ட தாரா சாகாது, சாகாமல் பறக்கும்.

இதைக் கணக்குப் போடாமலே தெரிந்து வைத்திருந்தவர் என் தாத்தா. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில், சிறுவனாக இருந்தபோது, பட்டணத்திலிருந்து வேட்டைக்கு வருகிறவர்களுக்குச் சுட்ட பறவையைத் தண்ணீரில் இறங்கி எடுத்து வரும் வேலை அவருக்கு. கூலி நாலணா. "அடிபட்டா பொத்துனு விழும்னு நெனச்சியாடா? நாலு விழுந்தா ரெண்டு கோரைக்குள்ள போயி பூந்துக்கும். எங்க தேடுறது? மூணாம் நாளு நாத்தம் வரும், அப்பதான் தெரியும் எங்க இருந்துச்சுன்னு" என்பார். துரைமாரில் சிலர் பெண்டு பிள்ளைகளுக்காகவும், புதிதாகக் கற்றுக்கொள்ளும் பையன்களுக்காகவும் சிறிய துப்பாக்கி கொண்டு வருவார்களாம். அன்றைக்கு தாத்தாவுக்கு வேலை ஜாஸ்தி, கையில் கிடைக்கிற பறவை கம்மி. சின்னத் துப்பாக்கி கருணையான துப்பாக்கி என்று யாராவது சொன்னால் எனக்குத் தாத்தாவின் கோரைப்புதர்தான் ஞாபகம் வரும்.

துப்பாக்கி நம் ஏரிக்கரைக்கு வந்தது கும்பினிப் பட்டாளத்தோடு. பல்லாவரமும் பரங்கிமலையும் படைவீடுகள். அங்கிருந்து தெற்கே வரிசையாக ஏரிகள். பொழுது போகாத அதிகாரிகளுக்கு வேறென்ன வேண்டும்? வயலில் உள்ளான், ஏரியில் தாரா. உள்ளானை ஆங்கிலத்தில் ஸ்னைப் என்பார்கள். வளைந்து வளைந்து பறக்கும் அதைச் சுடுவது அவ்வளவு கஷ்டம் என்பதால்தான், பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பேச்சில் ஸ்னைப்பர் என்ற வார்த்தையே பிறந்தது. இப்போது எல்லா யுத்தச் செய்தியிலும் அடிபடுகிற அந்தச் சொல்லுக்கு நம்ம நாட்டு நெல்வயல் தாய்வீடு.

அந்தப் பட்டாளத்துச் சிப்பாய்கள்தான் வேடந்தாங்கலில் ஒருநாள் கைவரிசையைக் காட்டினார்கள். ஊரின் பெயரைக் கவனியுங்கள்: வேடன், தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி. பெயரிலேயே வேட்டை இருக்கிறது. அந்தப் பகுதி ஜமீன்தார்கள் வேட்டையாடிய இடம் என்றும் சொல்வார்கள். ஆனால் ஊர்க்காரர்களுக்கு ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வேறு விஷயம். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்து ஏரித் தண்ணீரே உரத் தண்ணீராகும். அதைப் பாய்ச்சினால் தனியாக எரு போட வேண்டாம். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதும் ஊரே திரண்டு கலெக்டரிடம் போனது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1798-ல் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஊராருக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது மறுபடியும் உறுதி செய்யப்பட்டது.

இந்த லயனல் பிளேஸ் யார் தெரியுமா? மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருகிறாரே, அதே துரைதான்! மழையில் ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று பயந்து போய்ப் பார்த்தபோது வில்லும் கையுமாக இரண்டு பேர் காவல் நின்றதைக் கண்டார், பிறகு தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார் என்பது ஐதீகம். கதை ஒருபக்கம் இருக்கட்டும். 1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டராக இருந்த பிளேஸ், சிதைந்து கிடந்த ஏரிகளைப் பழுது பார்த்ததில் பெரிய ஆள். ஏரி நன்றாக இருந்தால் விளைச்சல், விளைந்தால் வரி என்பது அவருக்குத் தெரியும். எனவே "பறவை போனால் உரத் தண்ணீர் போகும்" என்ற வாதம் அவர் காதில் நன்றாகவே ஏறியிருக்கும் என்பது என் ஊகம். பட்சி பாசத்தைவிட நெல் கணக்குதான் அந்தக் கவுலை எழுத வைத்திருக்க வேண்டும். அதனால் என்ன குறைந்து போயிற்று? இங்கிலாந்தில் சார்லஸ் வாட்டர்டன் என்ற பணக்காரர் தன் தோட்டத்தைச் சுற்றி மதில் எழுப்பி, ஏரியில் துப்பாக்கி கூடாது என்றதை உலகின் முதல் சரணாலயங்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள். அந்த மதில் முடிந்தது 1826-ல். நம் செங்கற்பட்டு விவசாயிகள் மதில் இல்லாமல், ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டே 28 வருஷம் முந்திக்கொண்டார்கள்.

கவுல் கூடு கட்டுகிற நாரைகளுக்காக எழுதப்பட்டது என்றாலும், பலனில் பங்கு தாராவுக்கும் கிடைத்தது. சத்தம் இல்லாத தண்ணீர் எதுவோ அங்கே போய் உட்காருவது அதன் சுபாவம். வேடந்தாங்கலில் தீபாவளிக்குக்கூட ஊரார் வெடி வெடிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

மற்ற ஏரிகளுக்குக் கவுல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கி வந்ததும் சுடும் வேகம் பல மடங்கானது. அதுவரை ஒவ்வொரு தடவையும் வாய்வழியாக மருந்தும் ரவையும் கெட்டித்தாக வேண்டும். 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு விலக்கு, இந்தியன் லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்தச் சட்டம் வந்த மறு வருஷம்தான் இந்திய வேட்டைப் பறவைகளைப் பற்றிய பிரமாதமான மூன்று தொகுதி நூலின் முதல் தொகுதி வெளியானது. எழுதிய இருவரில் ஒருவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமாம், 1885-ல் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்த அதே ஹியூம். பறவையைப் பற்றித் தெரிந்துகொள்ள அன்று ஒரே வழி அதைச் சுடுவது. நம் சலீம் அலியே சிறுவனாக ஏர்கன்னில் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தி, இது என்ன குருவி என்று கேட்டுப் போனதில்தான் பறவையியலுக்குள் நுழைந்தார்.

நாலு-பத்துக்கு இந்தியாவில் இன்னொரு வாழ்வும் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு, .303 ராணுவ ரைபிள்களின் குழலை வழவழப்பாகக் கடைந்து, .410 அளவில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக மாற்றி, போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். இஷாப்பூர் தொழிற்சாலையில் இந்த மாற்று வேலை நடந்தது. காவல்காரன் கையில் துப்பாக்கி இருக்க வேண்டும், ஆனால் பட்டாளத்துத் தோட்டா அதில் நுழையக் கூடாது! ஒரு சாம்ராஜ்யத்தின் பயத்தை மில்லிமீட்டரில் அளக்க முடியும் என்றால் அது இதுதான்.

சாம்ராஜ்யத்தின் படாடோபத்தை அளக்க வடக்கே போக வேண்டும். ராஜஸ்தானத்துப் பரத்பூரில், மகாராஜாவின் வேட்டைச் சதுப்பில், 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ பிரபுவும் கூட்டாளிகளும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், போனால் பார்க்கலாம். பறவைக்கு ஒரு தோட்டா, தோட்டாவுக்கு முப்பது கிராம் என்று தாராளமாகக் குறைத்துப் போட்டாலும் அன்று தண்ணீரில் இறைக்கப்பட்ட ஈயம் 128 கிலோ. உண்மையில் எந்தச் சூரனும் தோட்டாவுக்கு ஒன்று வீழ்த்துவதில்லை.

இதே காலத்தில், இதே தாராவைத் தேடி இன்னொருவரும் ஏரிக்கரையில் குந்தியிருந்தார். தோளில் நாட்டுத் துப்பாக்கி, கூடவே மனைவி மக்கள். நம் பஸ் ஸ்டாண்டுகளில் ஊசி மணி பாசி மணி விற்கிற நரிக்குறவர்களைத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு இது விளையாட்டு இல்லை, அடுப்பு. இரண்டு கொக்கோ ஒரு தாராவோ கிடைத்தால் அன்றைய பொழுது. மருந்து காசு, எனவே ஒரே வெடியில் விழுகிற தூரத்துக்கு ஊர்ந்து போகும் வரை சுடமாட்டார்கள்.

1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் லைசென்ஸ் பெற்ற வேட்டையை மட்டும் விட்டு வைத்தது. 1991 திருத்தம் அதையும் மூடியது. பறவைக்கு அது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒரே சட்டம் இரண்டு வேட்டைக்காரர்கள் மேலும் விழுந்தது. ஒருவர் கோல்ஃப் ஆடப் போனார். இன்னொருவர் பாசிமணிக்குப் போனார். நம் மாவட்டத்திலேயே இதற்கு வேறு மாதிரி உதாரணம் உண்டு. பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது, பாம்பு பிடிக்கும் இருளர்களின் திறமை வீணாகாமல் 1978-ல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தொடங்கி, விஷம் எடுக்கும் தொழிலாக அதை மாற்றினார்கள். நாடு முழுக்க விஷமுறிவு மருந்துக்கு அது பயன்பட்டது. எந்த ஏரியில் எந்தப் பறவை, எந்த மாதம், எத்தனை என்று விரல் நுனியில் வைத்திருந்த நரிக்குறவருக்கு அப்படி யாரும் யோசிக்கவில்லை. பறவைக் கணக்கெடுப்புக்கு அவர்களைவிட யார் பொருத்தம், சொல்லுங்கள்? பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறுவதற்கே 2023 ஆகிவிட்டது.

1991-ல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை நாடு முழுவதும் தடை செய்தார்கள். அங்கே வேட்டை உண்டு, ஈயம் இல்லை, எஃகு ரவை. காரணம் எளிது. தாராவுக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கி வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். சேற்றில் கிடக்கும் ஈய ரவை பார்க்கக் கல் மாதிரியே இருக்கும். விழுங்கினால் அந்த அரைவை இயந்திரமே ஈயத்தைத் தேய்த்து ரத்தத்தில் கலந்துவிடும். ஒன்றிரண்டு ரவை போதும், பறவை மெலிந்து சாகும். ஐரோப்பிய யூனியனில் நீர்நிலைகளுக்கு இந்தத் தடை 2023-ல்தான் அமலுக்கு வந்தது. சுட்ட பறவை ஒன்று, தப்பித்த பறவைக்கு வைத்துவிட்டுப் போன விஷம் இன்னொன்று. பெரிய போர் ஆனாலும் சின்ன போர் ஆனாலும் சேற்றில் போய் விழும் ஈயம் ஈயம்தான்.

வேடந்தாங்கல் 1936-ல் முறையான சரணாலயம் ஆனது. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். நிஜமாகத் தாரா பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துக் கரிக்கிலிக்குப் போக வேண்டும். 1989-ல் சரணாலயமான அந்த ஏரி ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏரி மட்டும் போதாது, பறவை இரைக்குப் போகும் வயலும் குட்டையும் வேண்டும் என்பதால் 1998-ல் வேடந்தாங்கலைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை கிளம்பி, பெரிய எதிர்ப்பு வந்தது. 2022-ல் இரண்டு ஏரிகளும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

இந்த 5 கிலோமீட்டர் சமாச்சாரம் நம்மவர்களுக்கு நன்றாகப் புரியும். நம் பேட்ச்சில் பாதிப் பேர் மறைமலை நகரிலிருந்து ஒரகடம் வரை ஏதாவது ஒரு ஷெட்டில் இருக்கிறோம். சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டில் இரண்டு பக்கமும் பாருங்கள். ஏரி அப்படியே இருக்கும். அதற்குத் தண்ணீர் கொண்டு வந்த ஓடையும் அதன் கீழே இருந்த ஆயக்கட்டும் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இரவு ஷிப்டு முடிந்து வரும்போது தலைக்கு மேலே சீழ்க்கைச் சிறகிகள் விசிலடித்துக்கொண்டு போவதைக் கேட்டிருக்கிறேன். வயல் தேடித்தான் போகின்றன. சுடுவாரில்லை; ஆனால் ஒவ்வொரு வருஷமும் அவை கொஞ்சம் அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. புதிய ஷெட்டுக்கு லேஅவுட் போடுகிறவர்களிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். மழைநீர் வடிகால் வரையும்போது அந்தப் பழைய ஓடையைச் சர்வே வரைபடத்தில் ஒருமுறை தேடிப் பார்த்தால், ஏரிக்கு ஒரு வாய் தண்ணீர் மிஞ்சும்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கற்பட்டு தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்லது. பிப்ரவரியில் குஞ்சுகளோடு கூட்டம் களைகட்டியிருக்கும். காலையில் வேடந்தாங்கலை முடித்துக்கொண்டு, அப்படியே கரிக்கிலி போய்விடுங்கள். பைனாகுலர் 8 மடங்கு போதும். ஊசிவாலைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஆண் பறவையின் கழுத்தில் வெள்ளைக் கோடு, வால் நீளம். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் ஊதுகுழல் பலூன் எல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் அதற்கு இரு நூறு வருஷத்துக் கோபம் வைத்திருக்கிறார்கள்.